வாஷிங்டன் மாநிலத்தில் ஐடி சேவைக்கு விற்பனை வரி: பில் எங்கெங்கே இடறுகிறது, எப்படிச் சரி செய்வது

சியாட்டிலை அடுத்த பெல்வியூ, ரெட்மண்ட், பாத்தெல் பக்கம் சின்னதாக ஐடி கம்பெனி நடத்துகிறவர்களுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள். ஒருவர், இருவர், அதிகம் போனால் பத்துப் பேர் வேலை செய்யும் இடங்கள். 2025 அக்டோபர் 1 வரை இவர்களில் பலருக்கு விற்பனை வரி என்பது கடையில் பொருள் வாங்கும்போது கொடுக்கும் ஒன்று மட்டும்தான். ஆளுநர் பாப் ஃபெர்குசன் அந்த ஆண்டு மே மாதம் கையெழுத்திட்ட 5814-ஆம் எண் செனட் மசோதா, அந்த அக்டோபர் 1 முதல் அவர்களை வரி வசூலிக்கும் கடைக்காரர்களாக்கிவிட்டது. அதன்பின் ஒரே விதமான கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரி செய்துகொண்டிருக்கிறேன். அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். உங்கள் பிரச்சினை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போய்விடுங்கள்.

எந்தத் தலைப்புக்குப் போனாலும் நான்கு காகிதங்கள் கையில் இருக்கட்டும்: தகராறான பில், அதன் பின்னால் இருக்கும் ஒப்பந்தம் அல்லது வேலை விவரத் தாள், வாடிக்கையாளர் அந்தச் சேவையைப் பயன்படுத்தும் இடத்தின் முகவரி, அவர் ஏதாவது சான்று கொடுத்திருந்தால் அதன் நகல். இவை இல்லாமல் என்னைக் கூப்பிட்டால் நான் முதலில் கேட்பதும் இவற்றைத்தான்.

## அறிகுறி: இந்த வேலைக்கு வரி போடணுமா, வேண்டாமா என்றே தெரியவில்லை

பில்லில் வேலை விவரம் எழுதிய இடத்தை முதலில் வாசியுங்கள். "புரொஃபஷனல் சர்வீசஸ்", "கன்சல்டிங்", "மாதக் கட்டணம்" என்று மட்டும் இருந்தால் கோளாறு அங்கேயே தொடங்குகிறது. அந்த மாதம் உண்மையில் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். பிறகு கீழே உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள்.

வரிக்குள் வந்தவை: ஹெல்ப் டெஸ்க், டெக்னிக்கல் சப்போர்ட், நெட்வொர்க் பராமரிப்பு, மென்பொருள் அல்லது வன்பொருள் பற்றிய நேரடிப் பயிற்சி, டேட்டா என்ட்ரி, டேட்டா பிராசசிங், ஒருவருக்கென்று இணையதளம் வடிவமைத்து உருவாக்கிப் பராமரிப்பது, ஒருவருக்கென்று எழுதிக் கொடுக்கும் மென்பொருள், ஏற்கெனவே இருக்கும் மென்பொருளை ஒருவருக்காக மாற்றிக் கொடுப்பது, தற்காலிகமாக ஆள் கொடுப்பது. விளம்பரச் சேவையும் பட்டியலில் இருக்கிறது. இணையதளம் கட்டிக் கொடுத்துவிட்டு அவர்களுடைய ஆன்லைன் விளம்பரத்தையும் பார்த்துக்கொள்கிறவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு சண்டையை நிறையப் பேர் வீணாகப் போடுகிறார்கள். "நான் ஆள் கொடுக்கவில்லை, மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன்" என்று ஒருவர் சொல்வார். இன்னொருவர் "நான் மென்பொருள் விற்கவில்லை, மணிக்கணக்கில் ஆள்தான் அனுப்புகிறேன்" என்பார். 2025 அக்டோபருக்குப் பிறகு இரண்டு கதவும் ஒரே அறைக்குத்தான் திறக்கின்றன. மணிக்கணக்கில் ஒரு புரோகிராமரை அனுப்பினாலும் வரி, முடித்த மென்பொருளாகக் கொடுத்தாலும் வரி. பெயரை மாற்றித் தப்ப முடியாது.

வரி இல்லாத வேலையும் ஒரே பில்லில் கலந்திருந்தால் அடுத்த சோதனை இது. பொதுவான வணிக ஆலோசனையும் மாதாந்திர ஐடி பராமரிப்பும் சேர்த்து ஒரே தொகை 4,000 டாலர் என்று போட்டிருக்கிறீர்களா? பிரிக்காத ஒற்றை விலை என்றால் முழுத் தொகைக்கும் வரி விழும் வாய்ப்பு அதிகம். ஒப்பந்தத்திலேயே இரண்டுக்கும் தனித்தனி விலை எழுதி, பில்லிலும் இரண்டு தனி வரிசையாகப் போடுங்கள். அந்த விலைகள் நியாயமானவையாக இருக்க வேண்டும். ஆலோசனைக்கு 3,900, பராமரிப்புக்கு 100 என்று பிரித்தால் தணிக்கையில் நிற்காது.

விமான டிக்கெட், ஹோட்டல், மைலேஜ் என்று வாடிக்கையாளரிடம் திரும்ப வாங்கும் செலவுகளையும் பாருங்கள். வரிக்குட்பட்ட சேவையோடு சேர்த்து வசூலிக்கும் செலவு விற்பனை விலையின் ஒரு பகுதிதான். அதற்கும் வரி உண்டு. இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறவர்கள்தான் அதிகம்.

எப்போது வெளியே கேட்பது: உங்கள் வேலை கோட்டின் மேலேயே நிற்கிறது என்றால், உதாரணமாகத் தொழில்நுட்பத் திட்டமிடல் அறிக்கை மட்டும் எழுதிக் கொடுக்கிறீர்கள் என்றால், மாநில வருவாய்த் துறையிடம் எழுத்தில் தீர்ப்புக் கடிதம் கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. உங்கள் பெயரையும் உண்மை விவரங்களையும் கொடுத்துக் கேட்டால்தான் அந்தப் பதில் துறையைக் கட்டுப்படுத்தும். போனில் ஒருவர் சொன்னதை நம்பிப் பில் போட்டேன் என்பது தணிக்கையில் செல்லாது.

## அறிகுறி: வாடிக்கையாளர் வரியைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் அனுப்புகிறார்

அவர்களுடைய கணக்குப் பிரிவுக்குச் செய்தி தெரியாமல் இருக்கலாம். பெரும்பாலும் இதுதான் காரணம். பர்ச்சேஸ் ஆர்டரில் 10,000 டாலர் என்று இருக்கும், உங்கள் பில்லில் 11,000-க்கு மேல் இருக்கும். ஆர்டரைத் தாண்டிய தொகையை அவர்களுடைய மென்பொருள் ஏற்காது. ஆர்டரில் வரிக்கென்று தனி வரிசை சேர்க்கச் சொல்லி ஒரு மின்னஞ்சல் போதும். புதிய பில் அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்பே இதைச் செய்தால் பணம் நிற்காது.

"நாங்கள் லாப நோக்கற்ற அமைப்பு, எங்களுக்கு வரி கிடையாது." இதில் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். வருமான வரி விலக்கு வேறு, விற்பனை வரி விலக்கு வேறு. வாஷிங்டனில் லாப நோக்கற்ற அமைப்புகளுக்குப் பொதுவான விற்பனை வரி விலக்கு கிடையாது. கோயில், தமிழ்ச் சங்கம், வார இறுதித் தமிழ்ப் பள்ளி, யாருக்கு இணையதளம் செய்து கொடுத்தாலும் வரி போட வேண்டும். சங்கத்துக்குச் செய்கிறோம், அவர்களிடம் போய் வரி கேட்பதா என்று கூச்சப்பட்ட ஒரு தம்பி, கடைசியில் அந்தத் தொகையைத் தன் கையிலிருந்து கட்டினார். உதவி செய்ய விரும்பினால் உங்கள் கட்டணத்தைக் குறையுங்கள். வரியை விட்டுக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

நகராட்சி, பள்ளி மாவட்டம், மாநில அரசு அலுவலகம் எல்லாமே இங்கே வரி கட்டுகிறவைதான். ஃபெடரல் அரசு நேரடியாக வாங்கினால் மட்டும் விலக்கு. அப்போதும் அதற்கான ஆதாரம் கோப்பில் இருக்க வேண்டும்.

"நாங்கள் இதை வேறொருவருக்கு விற்கிறோம்." அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

"எங்கள் ஊழியர்கள் ஐந்து மாநிலங்களில் இருக்கிறார்கள், முழுத் தொகைக்கும் வாஷிங்டன் வரி எப்படி?" நியாயமான கேள்வி. சேவையை வாங்குகிறவர் அதை எங்கே பெற்று முதலில் பயன்படுத்துகிறார் என்பதுதான் இந்த வரியின் அடிப்படை. பல இடங்களில் பயன்படுத்துகிறவர்களுக்கென்று ஒரு சான்று முறை இருக்கிறது. அதன்படி வாங்குகிறவரே தொகையைப் பிரித்து வரியை நேரடியாக மாநிலத்துக்குக் கட்டுவார். அவர் அந்தச் சான்றைப் பூர்த்தி செய்து கையெழுத்திட்டு அனுப்பும்வரை நீங்களாகவே தொகையைக் குறைக்காதீர்கள். பெரிய ஒப்பந்தம் என்றால் இந்த இடத்தில் ஒரு சி.பி.ஏ.வுக்கு (உரிமம் பெற்ற கணக்காளருக்கு) கொடுக்கும் கட்டணம் வீண் போகாது.

## அறிகுறி: வேலை ஒன்று, வரி இரண்டு தடவை விழுகிறது

நம் ஆட்களின் தொழில் அமைப்பே இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு கன்சல்டன்ட் உங்களிடம் டபிள்யூ-2 ஊழியராக, அதாவது உங்கள் சம்பளப் பட்டியலில் இருக்கிறார். நீங்கள் அவரை ஒரு நடுத்தர வெண்டருக்கு அனுப்புகிறீர்கள். அந்த வெண்டர் பிரைம் வெண்டருக்கு அனுப்புகிறார், பிரைம் வெண்டர் கடைசி வாடிக்கையாளருக்கு அனுப்புகிறார். கார்ப்-டு-கார்ப் சங்கிலி, அதாவது கம்பெனிக்குக் கம்பெனி பில் போடும் முறை. முன்பு நீங்கள் மணிக்கு 80 டாலர் என்று பில் அனுப்புவீர்கள், பணம் வரும், முடிந்தது. இப்போது இந்தச் சங்கிலியில் கடைசியாக வாங்கிப் பயன்படுத்துகிறவர் மட்டும்தான் விற்பனை வரி கட்ட வேண்டும். நடுவில் இருப்பவர்கள் மறுவிற்பனைக்கு வாங்குகிறார்கள். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது விற்கிறவரின் வேலை.

சோதனைகளை இந்த வரிசையில் செய்யுங்கள்.

உங்களிடம் வாங்குகிற வெண்டர் வாஷிங்டன் மாநில ரீசெல்லர் பெர்மிட் கொடுத்திருக்கிறாரா? அது வருவாய்த் துறை கொடுக்கும் எண் உள்ள ஒரு சான்று. நகல் இல்லாவிட்டால் வரி போட்டுத்தான் ஆக வேண்டும். "எல்லாருக்கும் தெரியுமே நாங்கள் வெண்டர்தான் என்று" என்பது சான்று ஆகாது.

பெர்மிட் உயிரோடு இருக்கிறதா? அதற்குக் காலாவதி தேதி உண்டு. துறையின் இணையதளத்தில் எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம், ஒரு நிமிடம்கூட ஆகாது. சரிபார்த்த தேதியோடு திரையை அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள். ஜனவரியிலும் ஜூலையிலும் எல்லா வெண்டர்களுக்கும் இதை ஒரே உட்காரலில் செய்துவிடுவது என் வழக்கம்.

பெர்மிட்டில் இருக்கும் பெயரும் நீங்கள் பில் போடும் பெயரும் ஒன்றா? ஒரே முதலாளிக்கு இரண்டு எல்.எல்.சி. கம்பெனிகள் இருக்கும். பெர்மிட் ஒன்றின் பெயரில், பர்ச்சேஸ் ஆர்டர் மற்றதன் பெயரில். இப்படி இருப்பதைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னால் சலித்துக்கொள்வார்கள். பரவாயில்லை, சொல்லுங்கள்.

வெண்டர் வேறு மாநிலத்துக்காரர், அந்த மாநிலத்தின் மறுவிற்பனைச் சான்றை நீட்டுகிறார் என்றால்? அப்படியே வாங்கிக் கோப்பில் போடாதீர்கள். அவர் வாஷிங்டனில் பதிவு செய்ய வேண்டியவரா என்பதே முதல் கேள்வி. ஓராண்டில் இங்கே 1,00,000 டாலருக்கு மேல் விற்றிருந்தால் இங்கே அலுவலகம் இல்லாவிட்டாலும் பதிவு செய்யத்தான் வேண்டும். பதிவு செய்தவர் இங்கத்தைய பெர்மிட் எடுத்துக் கொடுக்கலாம். பதிவு தேவைப்படாதவர்களுக்குப் பல மாநிலங்கள் ஒப்புக்கொண்ட பொதுச் சான்றுப் படிவம் இருக்கிறது.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். நீங்களே நடுவில் இருந்தால், உங்களுக்குக் கீழே இருப்பவர் உங்களிடம் வரி கேட்கிறாரா? அவர் கேட்பது சரிதான். உங்கள் பெர்மிட்டை அவருக்குக் கொடுக்காதவர் நீங்கள். "அக்கா, நான் வரியும் கட்டி, மேலே வரியும் வசூலித்துக் கட்டுகிறேன், என் மார்ஜின் முழுக்கப் போகுது" என்று ஒருவர் மூன்று மாதம் கழித்துத்தான் கூப்பிட்டார். பெர்மிட்டுக்கு மை டிஓஆர் என்ற வருவாய்த் துறையின் இணையக் கணக்கில் விண்ணப்பித்து வாங்கினோம். பிறகு பழைய பில்களை வெண்டரிடம் திருத்தி வாங்க இன்னும் ஒரு மாதம் ஆனது. தொழில் தொடங்கும் அன்றே பெர்மிட் எடுத்திருந்தால் இவ்வளவும் வேண்டியிருக்காது.

ஒரு எச்சரிக்கை. பெர்மிட்டைக் காட்டி வாங்கியதை மறுவிற்பனைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். உங்கள் சொந்த அலுவலக நெட்வொர்க்கைப் பார்க்க வந்தவருக்கு அதே பெர்மிட்டைக் காட்டாதீர்கள். தவறான பயன்பாட்டுக்கு அபராதம் உண்டு.

எப்போது வெளியே கேட்பது: கன்சல்டன்ட் டெக்சாஸில் வீட்டிலிருந்து வேலை செய்கிறார், கடைசி வாடிக்கையாளர் சியாட்டிலில், பிரைம் வெண்டர் நியூ ஜெர்சியில் என்றால் ஊகித்து முடிவெடுக்காதீர்கள். பல மாநில விற்பனை வரி பார்க்கிற சி.பி.ஏ. யாராவது ஒருவரிடம் ஒரே ஒரு முறை உட்கார்ந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதே மாதிரி வரும் அடுத்த பில்கள் எல்லாவற்றுக்கும் அது உதவும்.

## அறிகுறி: பில்லில் வரி சதவீதம் தப்பாக வருகிறது

மாநிலத்தின் பங்கு 6.5 சதவீதம். அதன் மேல் நகரம், கவுன்டி, போக்குவரத்துப் பகுதி என்று உள்ளூர்ப் பங்கு ஏறும். சியாட்டிலில் மொத்தம் பத்து சதவீதத்தைத் தாண்டும். கோளாறு பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று.

கணக்கு மென்பொருள் உங்கள் முகவரியை எடுத்துக்கொள்கிறது. வாடிக்கையாளரின் பதிவில் "ஷிப்பிங்" முகவரி காலியாக இருந்தால் இப்படி ஆகும். சேவைக்கு எதற்கு ஷிப்பிங் முகவரி என்று எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அதை நிரப்புங்கள், பாதிப் பிரச்சினை போய்விடும்.

ஜிப் கோடை மட்டும் வைத்துக் கணக்கிடுகிறது. ஜிப் கோடு தபால் துறை வரைந்த எல்லை, வரிப் பகுதியின் எல்லை அல்ல. முகவரியில் ரெட்மண்ட் என்று எழுதியிருக்கும், ஆனால் நாவல்டி ஹில் பக்கம் போனால் அந்த இடம் ரெட்மண்ட் நகர எல்லைக்கு வெளியே, கிங் கவுன்டியின் கீழ் இருக்கும். துறையின் வரி விகிதத் தேடல் பக்கத்தில் முழுத் தெரு முகவரியைப் போட்டால் நான்கு இலக்க இடக் குறியீடும் விகிதமும் வரும். அந்தக் குறியீட்டை வாடிக்கையாளர் பதிவில் குறித்து வையுங்கள், ரிட்டர்ன் போடும்போதும் அதுதான் வேண்டும்.

விகிதம் பழையது. உள்ளூர் விகிதங்கள் காலாண்டின் தொடக்கத்தில் மாறலாம். தானாக வரும் மாதாந்திரப் பில்களில் சதவீதத்தைக் கையால் அடித்து வைத்திருந்தால் அது மாறாமல் அப்படியே நிற்கும்.

வாடிக்கையாளர் அலுவலகத்தை இடம் மாற்றியிருக்கிறாரா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சியாட்டிலிலிருந்து பெல்வியூவுக்குப் போனாலே விகிதமும் குறியீடும் வேறு. இதற்கெல்லாம் வெளி ஆள் தேவையில்லை.

கோயம்புத்தூரிலோ சென்னையிலோ உட்கார்ந்து உங்கள் குழு வேலை செய்கிறது, அதனால் வரி இல்லை என்று நினைத்தால் அதுவும் தவறு. வேலை நடந்த இடத்தை வைத்து அல்ல, வாங்குகிறவர் அதைப் பெறும் இடத்தை வைத்துத்தான் வரி. மாறாக, உங்கள் வாடிக்கையாளர் ஓரிகனில் இருந்து அங்கேயே பயன்படுத்துகிறார் என்றால் நீங்கள் பெல்வியூவில் உட்கார்ந்து எழுதிய மென்பொருளுக்கு வாஷிங்டன் வரி இல்லை. ரிட்டர்னில் அந்த விற்பனையைக் காட்டி, மாநிலத்துக்கு வெளியே விற்றது என்று கழிக்க வேண்டும். காட்டாமலே விடக்கூடாது.

## அறிகுறி: ரிட்டர்ன் போடும்போது எண்கள் ஒத்துப்போகவில்லை

முதலில், பி அண்ட் ஓ வரியின் (தொழிலின் மொத்த வருமானத்தின் மேல் போடும் வரி) எந்த வகையில் வருமானத்தை எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பல வருடப் பழக்கத்தில் கை "சர்வீஸ்" வகைக்கே போகும். சேவை விற்பனை வரிக்குள் வந்துவிட்டால் அந்த வருமானம் "ரீடெய்லிங்" வகைக்கு மாறுகிறது. பெர்மிட் வாங்கிக்கொண்டு மறுவிற்பனைக்காரருக்கு விற்றது "ஹோல்சேலிங்". ஒரே மாதத்தில் மூன்று வகையும் வரலாம்.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. சிறிய நிறுவனங்களுக்குச் சர்வீஸ் வகையின் விகிதம் 1.5 சதவீதம். ரீடெய்லிங் 0.471 சதவீதம்தான், 2027 ஜனவரி முதல் 0.5. 10,000 டாலர் பில்லுக்கு 150 டாலர் கட்டிக்கொண்டிருந்தவர் இப்போது 47 டாலர் 10 சென்ட் கட்டினால் போதும். வரி வசூலித்து ஒழுங்காகக் கட்டிவிட்டு, வருமானத்தை மட்டும் பழைய வகையில் எழுதி, மாதா மாதம் அதிகமாகக் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரிட்டர்னைத் திருத்தித் திரும்பப் பெறலாம்.

அடுத்து, வசூலித்த வரியை வருமானத்தோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்களா? அது வருமானம் அல்ல, மாநிலத்துக்குக் கட்ட வேண்டிய கடன். கணக்கேட்டில் அதற்கென்று ஒரு கடன் கணக்கு வேண்டும். அதோடு வங்கியில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கும் தொடங்குங்கள் என்று எல்லாரிடமும் கெஞ்சுகிறேன். பணம் வந்த அன்றே வரியை அங்கே மாற்றிவிடுங்கள். சம்பள நாள் வரும்போது அந்தப் பணம் கண்ணில் பட்டால் கை வைக்கத் தோன்றும். அப்படிக் கை வைத்தவர்கள் கெட்டவர்கள் அல்ல, சம்பளம் கொடுக்க வேண்டுமே என்று பதறியவர்கள்தான். ஆனால் மாநிலம் அதைத் தன் பணமாகத்தான் பார்க்கிறது.

கடைசியாக, கணக்கு முறை. பில் போட்ட மாதத்தில் வருமானம் எழுதும் முறையில் இருந்தால், வாடிக்கையாளர் 60 நாள் கழித்துப் பணம் தந்தாலும் வரி பில் போட்ட மாதத்துக்குரியது. கையில் வராத பணத்துக்கு வரி கட்டும் நிலை வரும். வராமலே போனால் வாராக்கடனாகக் கழிக்க வழி உண்டு. அதற்கு முன் ஒப்பந்தத்தில் பணம் தர வேண்டிய நாட்களைக் குறைக்கக் கேட்டுப் பாருங்கள்.

மாதாந்திர ரிட்டர்னுக்கு அடுத்த மாதம் 25-ஆம் தேதி கெடு. காலாண்டு என்றால் அடுத்த மாதக் கடைசி. வியாபாரம் இல்லாத மாதமானாலும் ரிட்டர்ன் போட வேண்டும். நகரத்தின் பி அண்ட் ஓ வரி தனி, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். மாநில ரிட்டர்னைத் திருத்தினால் அது தானாகத் திருந்தாது.

## அறிகுறி: பழைய ஒப்பந்தம் என்று வரி போடாமல் விட்டோம், இப்போது சந்தேகம்

2025 அக்டோபர் 1-க்கு முன் கையெழுத்தான, அதன்பின் மாற்றப்படாத ஒப்பந்தங்களுக்கு வரி வசூலிக்காமல் இருக்கத் துறை 2026 மார்ச் 31 வரை அவகாசம் கொடுத்தது. ஒப்பந்தத்தின் கையெழுத்துத் தேதியைப் பாருங்கள். பிறகு அதன் பின்னால் வந்த மாற்றங்களைத் தேடுங்கள்: மணிக்கட்டண உயர்வு, கூடுதல் வேலை, நீட்டிப்பு. மாற்றம் நடந்த நாளோடு அவகாசம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் "சரி, இனி 85 டாலர்" என்று ஒத்துக்கொண்டதையும் மறக்காமல் பாருங்கள். எந்த மாதத்திலிருந்து வரி விடுபட்டிருக்கிறது என்று தெரிந்ததும் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி: பல மாதங்களாக வரியே போடவில்லை

இரவு பத்து மணிக்கு வரும் அழைப்புகள் இவை. முதலில் மூச்சு விடுங்கள். இதைச் சரி செய்ய முடியும். ஆனால் தள்ளிப் போடப் போட விலை ஏறும். கெடு தாண்டிய வரிக்கு அபராதம் 9 சதவீதத்தில் தொடங்கும், அடுத்த மாதமும் தாண்டினால் 19, அதற்கடுத்ததும் தாண்டினால் 29. வட்டி தனி.

வசூலிக்காவிட்டாலும் அந்த வரிக்கு மாநிலத்திடம் பொறுப்பு விற்றவருக்குத்தான். "மொத்தத் தொகைக்குள் வரி அடங்கியிருந்தது" என்று பின்னால் சொல்லிக்கொள்ளவும் முடியாது. பில்லில் வரி தனியாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும்.

நான் செய்யும் வரிசை இது. விடுபட்ட பில்களை ஒரு தாளில் பட்டியலிடுவேன்: தேதி, வாடிக்கையாளர், இடம், தொகை. பிறகு வரி தேவையில்லாதவற்றை அடிப்பேன், அதாவது பெர்மிட் உள்ளவர்கள், வெளி மாநிலத்தில் பயன்படுத்துகிறவர்கள். பட்டியல் பெரும்பாலும் பயந்த அளவுக்கு நீளமாக இருக்காது. பெர்மிட் இருந்தும் நகல் வாங்காமல் விட்டவர்களிடம் இப்போது கேட்டு வாங்கலாம்.

மீதியுள்ளவர்களுக்கு வரி மட்டும் உள்ள துணைப் பில் அனுப்புங்கள். கூடவே இரண்டே வரியில் ஒரு கடிதம்: இந்தத் தேதியிலிருந்து இந்தச் சேவைக்கு விற்பனை வரி உண்டு, பில்லில் விடுபட்டுவிட்டது, நீங்களே நேரடியாகக் கட்டியிருந்தால் அதை எழுத்தில் தெரிவியுங்கள். கடைசி வாக்கியம் முக்கியம். பெரிய நிறுவனங்கள், வரி போடாமல் வந்த பில்லுக்குத் தாங்களே கட்டியிருக்கக்கூடும். அப்படியானால் இரண்டாம் முறை கட்ட வேண்டியதில்லை. அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். ஆவணங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் பணம் அனுப்பும்வரை காத்திருக்காமல் மை டிஓஆரில் அந்தந்த மாத ரிட்டர்னைத் திருத்துங்கள். அதே திருத்தத்தில் வருமானத்தைச் சர்வீஸிலிருந்து ரீடெய்லிங்குக்கு மாற்றுங்கள். அதில் குறையும் பணம் பாக்கியில் கொஞ்சம் ஈடுகட்டும். ஒரே தவணையில் கட்ட முடியாவிட்டால் துறையோடு பேசித் தவணை கேட்கலாம். அவர்களே கண்டுபிடித்துக் கூப்பிடுவதற்கு முன் நீங்கள் கூப்பிடுவது எல்லா விதத்திலும் நல்லது.

எப்போது வெளியே கேட்பது: இதுவரை மாநிலத்தில் பதிவே செய்யாமல் தொழில் நடத்தியிருந்தால் தனியாகப் பதிவு செய்யாதீர்கள். பதிவில்லாதவர்கள் தாமாக முன்வந்து கணக்குக் காட்டும் திட்டம் ஒன்று இருக்கிறது, அபராதத்தில் பெரிய தளர்வு கிடைக்கும். துறை உங்களைத் தொடர்புகொள்ளும் முன் அதில் சேர்ந்திருக்க வேண்டும். வரிசை தவறினால் வாய்ப்புப் போய்விடும் என்பதால் சி.பி.ஏ. அல்லது வரி வழக்கறிஞர் மூலம் போங்கள். தணிக்கைக் கடிதம் ஏற்கெனவே வந்திருந்தாலும் அதே பேச்சு: ஒரு காகிதமும் அனுப்பும் முன் ஆளைப் பிடியுங்கள்.

## அறிகுறி: நீங்கள் வாங்கிய சேவைக்கு வந்த பில்லில் வரி இல்லை

வெளி மாநில வெண்டர், வெளிநாட்டு வெண்டர் என்றால் இது அடிக்கடி நடக்கும். பில்லில் வரி இல்லை என்பதால் வரியே இல்லை என்று ஆகாது. அந்தச் சேவை உங்கள் சொந்த உபயோகத்துக்கு என்றால், உங்கள் ரிட்டர்னில் பயன்பாட்டு வரி என்ற இடத்தில் நீங்களே எழுதிக் கட்ட வேண்டும். உங்கள் சொந்த இணையதளத்தை ஊரில் இருக்கும் ஒரு நண்பரிடம் கொடுத்துச் செய்திருந்தாலும் இதே கதைதான். அதையே வாடிக்கையாளருக்கு விற்கிறீர்கள் என்றால் அங்கே வரி வசூலியுங்கள், இங்கே வேண்டாம்.

தணிக்கையாளர் முதலில் திறப்பது செலவுக் கணக்கைத்தான். "காண்ட்ராக்டர்கள்", "மென்பொருள்", "இணையதளம்" என்ற மூன்று தலைப்புகளையும் மாதம் ஒரு முறை விரித்து, வரி இல்லாத பில்களுக்கு எதிரே ஒரு குறி போட்டு வையுங்கள். எனக்கு ஒரு வாடிக்கையாளருக்கு இருபது நிமிடம் ஆகிறது. 25-ஆம் தேதிக்கு முந்தைய சனிக்கிழமை காலையை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.